துலா மாற்றிய கதை

கல்லூரியன்னையின் விழா மலருக்குக் கட்டுரையொன்று எழுதித் தருமாறு பழைய மாணவர் சங்கச் செயலாளர் பணித்தபோது, எதைப் பற்றி எழுதுவதென்று சில நாள் மயங்கினேன். சமயம், இலக்கியம், விளையாட்டு, அதிபர்மாரின் அருங்குணங்கள் என்பன பற்றியெல்லாம் எனக்கு முன் எழுதியோர் நிரம்ப எழுதிவிட்டனர். நானோ கணினிகளைப் பராமரித்து வயிறு வளர்ப்பவன். அறிந்ததை எழுதுவதே முறையெனக் கண்டு, லினக்ஸ் என்னும் இயக்க முறைமையில் ஓடும் கணினியொன்றின் அடித்தள நூலகத்தை ஊறின்றிப் புதுக்குவது எவ்வாறு என்பதையும், அதனை அறியாது ஓரிரவு நான் பட்ட பாட்டையும் இங்கே கூறத் துணிந்தேன். இத்தொழிலில் இறங்கவிருக்கும் மாணவர் சிலருக்கேனும் இது பயன்படலாம். ஏனையோர் ஒரு பழைய மாணவனின் மடமையைப் படித்து நகைக்கலாம்.

நூலகம் என்றவுடன் நம்மவர் நெஞ்சம் 1981ஆம் ஆண்டுக்குச் சென்று துணுக்குறும். நான் கூறப்போவது ஏடுகள் அடுக்கிய அந்நூலகமன்று. கணினியில் ஓடும் செய்நிரல் எதுவாயினும், கடிதம் எழுதுவதாயினும் கணக்குப் பார்ப்பதாயினும், அதற்குச் சில பொதுத் தேவைகள் உள. கோப்பொன்றைத் திறக்கவேண்டும், நினைவகத்தில் இடம் கேட்டுப் பெறவேண்டும், இரு சொற்களில் எது முன் எது பின் என ஒப்பிடவேண்டும், தொலைவிலுள்ள மற்றொரு கணினியின் முகவரியைத் தேடவேண்டும். இவற்றை ஒவ்வொரு செய்நிரலும் தானே செய்துகொள்வதென்றால் வீட்டுக்கு வீடு கடல்நீரைக் காய்ச்சி உப்பு எடுத்த கதையாகும். ஆதலின் இவையனைத்தையும் ஒருமுறை செவ்வையாக எழுதி, எல்லாச் செய்நிரல்களும் பகிர்ந்துகொள்ளுமாறு ஓரிடத்தில் வைத்துள்ளனர். லினக்ஸ் கணினிகளிற் பெரும்பாலானவற்றில் அவ்விடத்தில் இருப்பது க்னூ சி நூலகம். தொழிலிலுள்ளோர் அதனைச் சுருக்கமாகக் கிளிப்சி என்பர். ரோலண்ட் மெக்ராத் என்பார் 1980களின் பிற்பகுதியில் எழுதத் தொடங்கிய நூலகம் இது. இதன் 2.0 பதிப்பு 1997இல் வந்தபின் லினக்ஸ் உலகம் படிப்படியாக இதன்மேற் குடியேறியது.

இந்நூலகத்துக்கு இணைபிரியாத் தோழன் ஒருவன் உளன். செய்நிரலொன்றை நாம் அழைக்கும்போது முதலில் எழுந்து வருவது அச்செய்நிரலன்று. ஏற்றி எனப்படும் சிறு கருவியே. அதுவே நூலகத்தைத் தேடிப் பிடித்துச் செய்நிரலோடு பொருத்திவிட்டு ஒதுங்கும். ஒரே தச்சன் ஒரே அளவில் இழைத்த நிலையும் கதவும் போல, ஏற்றியும் நூலகமும் ஒரே பதிப்பினவாய் இருத்தல் வேண்டும். ஒரு வீட்டு நிலையில் மற்றொரு வீட்டுக் கதவு பொருந்தாது. இச்சிறு உண்மையை நான் அறியாதிருந்தேன்.

யாழ்ப்பாணத்துத் தோட்டக் கிணறுகளில் துலா மிதித்து நீர் இறைத்த காலத்தை நம்முள் மூத்தோர் அறிவர். ஆடுகாலின்மேற் கிடக்கும் துலாவில் ஒருவர் முன்னும் பின்னுமாக நடப்பார். கீழே நிற்பவர் பட்டையைத் தாழ்த்தி நீர் மொண்டு வாய்க்காலிற் கவிழ்ப்பார். அடித்தள நூலகத்தைப் புதுக்குவதென்பது மேலே ஆள் நடந்துகொண்டிருக்கும்போதே அந்தத் துலாவைக் கழற்றி வேறொன்றை வைப்பதற்கு ஒப்பாகும். இதில் மற்றுமொரு சங்கடம் உண்டு. துலாவைக் கழற்றுகின்றவனும் அதே துலாவின்மேலேதான் நிற்கிறான். கோப்பை நகர்த்தும் கட்டளை, பெயர் மாற்றும் கட்டளை, அழிக்கும் கட்டளை யாவும் அந்நூலகத்தை நம்பி வாழ்வனவே.

இனி என் கதைக்கு வருகிறேன். நான் கல்லூரியிற் படித்தது வடக்கில் மின்சாரம் இல்லாத காலம். 1990களின் முற்பாதியில் போத்தல் விளக்கிற் படித்து, கவிழ்த்து வைத்த சைக்கிளின் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்ட தலைமுறை எங்களது. கணினியைத் தொட்டுப் பார்த்தது கல்லூரியை விட்டு நீங்கிய பின்னரே. பிந்தித் தொட்டமையாற் போலும், அளவுக்கு மிஞ்சிய துணிவும் உடன் வந்து சேர்ந்தது. 2007ஆம் ஆண்டு கொழும்பில் ஒரு தனியார் கந்தோரிற் கணினிகளைக் கவனிக்கும் உத்தியோகத்தில் இருந்தேன். 300 பேருக்கு மேற்பட்டோரின் சம்பளக் கணக்கு என் பொறுப்பிலிருந்த லினக்ஸ் சேர்வர் ஒன்றில் இருந்தது. மாதந்தோறும் 25ஆந் திகதி அதிகாலை நான்கு மணிக்கு அது தானாகவே கணக்கிட்டு, வங்கிக்கு அனுப்பும் பட்டியலை ஆயத்தஞ் செய்துவைக்கும்.

24ஆந் திகதி மாலை, கணக்குப் பகுதியினர் விரும்பிய புதிய அறிக்கைச் செய்நிரலொன்றை அதிலே நிறுவ முயன்றேன். கிளிப்சி 2.4 வேண்டும், காணப்படவில்லை என்று கூறி அது ஓட மறுத்தது. அக்கணினியில் இருந்தது 2.3 வரிசையைச் சேர்ந்த பழைய நூலகம். இல்லாததைக் கொடுத்துவிட்டால் தீர்ந்தது என எண்ணி, வேறொரு புதிய வெளியீட்டிலிருந்து நூலகக் கோப்பை மட்டும் பெயர்த்தெடுத்து வந்து பழையதன் பக்கத்தில் வைத்தேன். அக்காலத்தில் செய்நிரல்கள் நூலகத்தைத் தேடும் பெயர் ஒரு சுட்டியே. அது காட்டும் கோப்பே உண்மையான நூலகம். ஒரே கட்டளையால் அந்தச் சுட்டியைப் பழையதிலிருந்து புதியதற்குத் திருப்பினேன். அப்போது இரவு ஒன்பது மணி இருக்கும்.

பின், கோப்புக்களின் பட்டியலைக் காட்டும் மிகச் சாதாரணமான கட்டளையை இட்டேன். பட்டியல் வரவில்லை, ஒரு வரிப் பிழைச் செய்தி வந்தது. வேறொரு கட்டளை இட்டேன். அதே செய்தி. சுட்டியைத் திரும்பப் பழையதற்கு மாற்ற முனைந்தேன். மாற்றுங் கட்டளையும் அதே செய்தியைச் சொல்லி மாண்டது. பக்கத்துக் கணினியிலிருந்து புதிதாக உள்நுழைய முயன்றேன், கதவு திறக்கவில்லை. பழைய ஏற்றியோடு புதிய நூலகம் பொருந்தாமையால் அக்கணினியிற் புதிதாகப் பிறக்கும் செய்நிரல் எல்லாம் பிறந்த கணமே இறந்தன. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தவை மட்டும் பழைய நூலகத்தை நினைவகத்தில் பற்றியவாறு ஒன்றும் அறியாதவை போல ஓடின. அதிகாலை நான்கு மணிக்கு எழவேண்டிய சம்பளக் கணக்கோ புதிதாகப் பிறக்கவேண்டியது.

கணினியை நிறுத்தி மீளத் தொடக்கினால் யாவும் சீராகிவிடும் என்ற பேதைமை எனக்குள் எழுந்தது. நிறுத்துங் கட்டளையும் இறந்துவிட்டமையால் மின்விசையையே அணைக்கக் கை நீட்டினேன். அவ்வேளை ஏதோ ஒன்று தடுக்க, நம் கல்லூரியில் எனக்கு ஆறாண்டு முன்னே படித்து, அப்போது வேறொரு நிறுவனத்தில் இதே தொழிலைச் செய்துகொண்டிருந்த அண்ணர் ஒருவருக்குத் தொலைபேசி எடுத்தேன். நடந்ததைக் கேட்டபின் அவர் சினக்கவில்லை. கேட்டது ஒன்றே.

"தம்பி, நீர் வேலை செய்த யன்னல் இன்னும் திறந்திருக்கோ?"

"ஓம் அண்ணை."

"அதை மூடாதையும். மெசினை நிப்பாட்டவும் வேண்டாம். நிப்பாட்டினீரெண்டால் பிறகு எழும்பாது. பழைய நூலகத்தை அழிச்சுப் போட்டீரோ?"

"இல்லை, அங்கைதான் கிடக்கு."

"அப்ப பிழைச்சீர்."

அவர் கூறிய விளக்கம் இன்றும் என் செவியில் நிற்கிறது. கணினி எழும்போது முதன்முதற் பிறக்கும் செய்நிரலும் அதே நூலகத்தின்மேல் நிற்பது. ஆகவே, நிறுத்தியிருந்தால் அது பிறக்கமாட்டாது. கணினி பாதி வழியில் உறைந்து நின்றிருக்கும். திறந்திருந்த யன்னலில் ஓடிய கட்டளை வாங்கியோ பழைய நூலகத்தோடு உயிருடன் இருந்தது. அதற்குள்ளேயே அமைந்த சில கட்டளைகள் புதிதாக எதையும் பிறப்பிக்காமல் வேலைசெய்வன. அவற்றுள் எக்கோ என்பது ஒன்று. அதனைக்கொண்டு நூலகத் தொகுப்பின் பெயர்களைத் திரையில் வரவழைத்து, பழைய கோப்பு இருப்பதை உறுதிசெய்தோம். அடுத்து அவர் எஸ்.எல்.என். என்னும் கட்டளையைச் சொன்னார். அதுவரை நான் கேள்விப்பட்டிராத பெயர் அது. கிளிப்சியை எழுதியோர் இத்தகைய விபத்தை முன்னரே எண்ணி, எந்த நூலகத்தையும் நம்பாது தன் உறுப்பெல்லாம் தன்னுள்ளேயே கொண்டு இயங்குமாறு கட்டிவைத்த சிறு கருவி. சுட்டியைத் திருப்புவதொன்றே அதன் வேலை. தட்டெழுதுமுன் ஒவ்வோர் எழுத்தையும் தொலைபேசியில் இரு முறை வாசித்துக் காட்டுவித்தார். விசையை அழுத்தினேன். பிழைச் செய்தி வரவில்லை. பட்டியற் கட்டளை இட்டேன். கோப்புக்கள் ஒழுங்காக வந்து நின்றன. நான் அழுதேன் என்பதைச் சொல்வதில் இப்போது எனக்கு வெட்கமில்லை.

நான்கு மணிவரை அவ்விடத்தை விட்டு அகலவில்லை. கணக்கு உரிய நேரத்தில் எழுந்தது. பட்டியல் வங்கிக்குப் போயிற்று. அந்த இரவைப் பற்றி 300 பேரில் ஒருவரும் அறிந்திலர். எவருக்குஞ் சொல்லாமலே விட்டிருக்கலாம். அவ்வாறு விடத்தான் எண்ணினேன். ஆனால் தொலைபேசியை வைக்குமுன் அண்ணர் கூறியது இது. "நாளைக் காலமை உம்மடை மனேச்சரிட்டை நீராப் போய்ச் சொல்லும். வேறை ஆரும் சொல்லி அவர் கேக்கக்கூடாது." போய்ச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டிருந்துவிட்டு, முதலில் வேறொரு கணினியிற் செய்து பார்த்தீரா என்று மட்டும் வினவினார். பண்டகசாலையில் தூசு படிந்து கிடந்த பழைய கணினியொன்று என் நினைவுக்கு வந்தது. விடை கூற இயலவில்லை. அவ்வாண்டு எனக்குச் சம்பள உயர்வு கிடைக்கவில்லை, அஃது நியாயமே.

அவ்வறிக்கைச் செய்நிரலை ஓட்டுதற்கு நேரிய வழிகள் இல்லாமலில்லை. புதிய நூலகத்தை அதற்குரிய ஏற்றியோடு தனியொரு அடைவில் வைத்து, அச்செய்நிரலை மட்டும் அந்த ஏற்றிமூலம் அழைத்திருக்கலாம். இந்நாளில் கொள்கலம் எனப்படும் தனியறைகளில் அதனையும் அதன் நூலகங்களையும் அடைத்து ஓட்டுவர். முழுக் கணினியையும் அடுத்த வெளியீட்டுக்கு முறையாக உயர்த்துவது மூன்றாவது வழி. ஒரு விருந்தாளிக்காக வீட்டின் அத்திவாரத்தைத் தோண்டியவன் நான்.

இங்கே ஓர் ஐயம் எழக்கூடும். இத்துணை ஆபத்தானதாயின் நூலகத்தைத் தொடாமலே விட்டாலென்ன? அந்த இரவுக்குப் பின் சில ஆண்டுகள் நானும் அவ்வாறுதான் அஞ்சியிருந்தேன். 2015ஆம் ஆண்டு ஜனவரியில் அந்த அச்சம் நீங்கிற்று. அதனினும் பெரிய அச்சம் வந்தமையால். கோஸ்ட் எனப் பெயரிடப்பட்ட ஓட்டையொன்று கிளிப்சியிற் கண்டுபிடிக்கப்பட்டது. கணினியின் பெயரைக் கொடுத்து முகவரியைத் தேடும் பகுதியில், வஞ்சகமாக அமைத்த பெயரொன்றைக் கொடுத்தால் அயலான் உட்புக இடமுண்டு என்று தெரியவந்தது. அவ்வோட்டை 2000ஆம் ஆண்டில் வந்த 2.2 பதிப்பிலேயே இருந்தது. வியப்பு என்னவெனில், 2013இலேயே அது திருத்தப்பட்டுவிட்டது. ஆனால் அது பாதுகாப்பைப் பற்றியதென்று ஒருவரும் உணராமையால், நிலையான பழைய பதிப்புக்களைப் பேணி வந்த வெளியீடுகள் பலவற்றுக்கு அத்திருத்தம் போய்ச் சேரவில்லை. தொடாதிருந்த கணினிகளே திறந்து கிடந்தன. என் பொறுப்பிலிருந்த கணினிகளும் அவற்றுள் அடங்கும்.

அஞ்சியும் பயனில்லை, அஞ்சாதிருந்தும் பயனில்லை என்றானபின் முறையை முறையாகக் கற்கலானேன். வெளியீட்டார் தரும் பொதியை அவர்தம் பொதி மேலாளர் கொண்டே நிறுவுதல் வேண்டும். நூலகம், ஏற்றி, துணைக் கோப்புக்கள் யாவும் அப்போதுதான் ஒரே கட்டாக வரும். பொதி மேலாளர் துலாவை மாற்றும் விதம் அழகானது. பழைய கோப்பின்மேல் அது புதியதை எழுதுவதில்லை. எழுதினால் மேலே நிற்பவன் காலடியிலேயே மரம் உருமாறி அவன் விழுவான். புதியதை வேறு பெயரில் முழுதாக எழுதிவைத்து, பின் ஒரே கணத்திற் பெயரை மாற்றிக்கொள்ளும். அக்கணத்துக்கு முன் அழைத்தவன் பழையதைப் பெறுவான். பின் அழைத்தவன் புதியதைப் பெறுவான். இடையில் வெறுமை இல்லை. பழைய கோப்போ பெயரிழந்தும், அதனைப் பற்றியிருக்கும் கடைசிச் செய்நிரல் விடும்வரை உயிருடன் இருக்கும்.

இக்கடைசி இயல்பு நன்மையும் தீமையும் ஆம். புதுக்கிவிட்டோம் என்று நாம் மகிழ்ந்திருக்க, மாதக்கணக்காக ஓடிவரும் செய்நிரல்கள் ஓட்டையுள்ள பழைய நூலகத்தையே பற்றியிருக்கும். ஆகவே அவற்றை மீளத் தொடக்கவேண்டும். அடித்தள நூலகமாதலின் முழுக் கணினியையும் மீளத் தொடக்குவதே நலம்.

பொதி மேலாளர் எச்சரிக்கும்போது அதனை மீறலாகாது என்பதற்கு 2012ஆம் ஆண்டு ஜூலையில் ஆர்ச் லினக்ஸ் பயனர் பட்டது சான்று. நூலகங்கள் இருந்த பழைய அடைவு அவ்வேளை வேறோர் அடைவைக் காட்டும் சுட்டியாக மாற்றப்பட்டது. பொதி மேலாளர் முரண்பாடு கண்டு நின்றது. வலிந்து செய்க எனக் கட்டளையிடலாகாது என்று வெளியீட்டார் முன்னரே எழுதியிருந்தனர். அதனைப் படியாது வலிந்து செய்தோர், 2007இல் நான் நின்ற அதே படுகுழியில் நின்றனர்.

கிளிப்சியைப் பேணுவோரைப் பாராட்டாமல் இருத்தல் தகாது. பழைய செய்நிரல் புதிய நூலகத்தில் ஓடவேண்டுமென்பதில் அவர்கள் கண்டிப்பானவர்கள். செயலொன்றின் போக்கு மாறினால் புதிய போக்குக்குப் புதிய பதிப்பு முத்திரை இட்டு, பழைய முத்திரையைத் தேடி வருவோர்க்குப் பழைய போக்கையே வழங்குவர். 2010இல் நினைவகத்தில் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குப் பிரதிசெய்யும் செயல் விரைவாக்கப்பட்டபோது, பெடோரா 14இல் அடோபியின் பிளாஷ் செருகியின் ஒலி கரகரத்தது. விதிப்படி பிழை செருகியினுடையதே; நூலகத்தினது அன்று. ஆயினும் 2011இல் வந்த 2.14 பதிப்பில் அச்செயலுக்குப் புதிய முத்திரை இட்டு, பழைய செய்நிரல்களைப் பழைய பாங்கிலேயே ஓடவிட்டனர்.

ஆனால் முத்திரைக்குள் அடங்காத மாற்றங்களும் உள. 2018இல் வெளிவந்த 2.28 பதிப்பில் சொற்களை அகராதி முறைப்படி வரிசைப்படுத்தும் விதிகள் பெரிதும் மாறின. இதனால் என்ன கெடும் என்று முதலில் நானும் எண்ணினேன். தரவுத்தளம் தன் அட்டவணைகளைப் பழைய வரிசைப்படி அடுக்கி வட்டிலே வைத்திருக்கிறது. புதுக்கிய பின்னரோ புதிய வரிசைப்படி தேடுகிறது. மாணவர் இடாப்பை ஓர் ஒழுங்கில் எழுதிவிட்டு மற்றோர் ஒழுங்கிற் பெயரைத் தேடினால், வகுப்பில் இருக்கும் பிள்ளையை இல்லையென்று எழுதுவோமல்லவா? அவ்வாறே நிகழும். இடையே சிறு கோடு இட்ட இலக்கங்களும் இடாதவையும்கூட வரிசையில் இடம் மாறின. பிழைச் செய்தி ஒன்றும் வராது. கணினி நலமாக எழும். யாவரும் வீடு செல்வர். மூன்றாம் நாள் யாரோ ஒருவர் தம் கணக்கைக் காணவில்லை என்பார். போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்தை வைத்திருந்தோர் பலர் இதில் இடர்ப்பட்டனர். நான் தப்பியது திறமையாலன்று. டெபியன் 9இலிருந்து 10க்கு உயர்த்துமுன், பழைய கணினியொன்றில் ஒத்திகை பார்த்தேன். அவ்வொத்திகையில் ஒருவரின் பெயர் தேடக் கிடைக்காமற் போயிற்று. அட்டவணைகளை மீளக் கட்டியபின் கிடைத்தது. மெய்யான கணினியில் அவ்வேலைக்கு இரவு முழுவதும் வேண்டுமென்று அப்போதே கணித்து, அதற்கேற்ற நாளைக் குறித்தோம். பேசாது கெடும் இவ்வகைக் கேடே 2007இன் கேட்டினும் கொடிது என்பது என் துணிபு. அது கூச்சலிட்டேனும் கெட்டது.

2023ஆம் ஆண்டு ஒக்ரோபர் 3ஆந் திகதி மற்றோர் ஓட்டை பற்றிய அறிவித்தல் வந்தது. 2021இல் வந்த 2.34 பதிப்பிலிருந்து, ஏற்றிக்குக் குறிப்புரைக்கும் சூழல் மாறியொன்றைப் படிக்கும் பகுதியில் இருந்த ஓட்டை அது. கணினியினுள் ஏற்கெனவே இடம்பெற்ற சாதாரண பயனர் ஒருவர் அதன்வழி முழு அதிகாரமும் எய்தலாம். அப்போது என் பொறுப்பில் நாற்பது கணினிகள் வரை இருந்தன. என்கீழ் இளைஞர் ஒருவர் பணியாற்றினார். காப்புப்பிரதிகளைச் சரிபார்த்தோம். ஒத்திகைக் கணினியிற் பொதியை நிறுவி, மீளத் தொடக்கி, அலுவல்கள் யாவும் ஓடுவதைக் கண்டோம். பின் முக்கியம் குறைந்ததில் தொடங்கி ஒவ்வொன்றாகச் செய்து வந்தோம். 2.34 பதிப்பிலிருந்து சுட்டியும் இலக்கமிட்ட கோப்புமாக இருந்த பழைய ஏற்பாடு நீங்கி, நூலகம் தன் பெயரிலேயே நேரே வைக்கப்படுகிறது. ஆகவே அண்ணர் எனக்குக் கற்பித்த எஸ்.எல்.என். வித்தை இப்போது அவ்வளவாக உதவாது. அதற்குப் பதிலாக, எந்த நூலகத்தையும் நம்பாத பிசிபொக்ஸ் என்னும் கருவித் தொகுதியை ஒவ்வொரு கணினியிலும் முன்கூட்டியே வைத்திருந்தோம்.

சம்பளக் கணக்குள்ள கணினியைக் கடைசிக்கு விட்டிருந்தோம். அதன் முறை வந்தபோது இரவு ஒன்பது மணி. இளைஞர் கட்டளையைத் தட்டெழுதிவிட்டு, விசையை அழுத்தாமல் என் முகத்தைப் பார்த்தார்.

"மற்ற யன்னல் திறந்திருக்கோ, தம்பி?" என்றேன்.

"ரண்டு திறந்திருக்கு, ஐயா," என்றார்.

அழுத்தச் சொன்னேன்.